செண்பகம் எந்தப் பூ?

வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் சாலை கொடைக்கானலை எட்டுவதற்குச் சற்று முன்னால் செண்பகனூரைக் கடக்கிறது. மரத்தின் பெயரையே ஊரின் பெயராகக் கொண்ட இடம் அது. 1895இல் இயேசு சபையினர் அங்கே திரு இருதயக் கல்லூரியை நிறுவினார்கள். அதைச் சார்ந்து வளர்ந்த இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும், அங்கிருந்த துறவிகள் தலைமுறை தலைமுறையாகத் திரட்டிய உலர்தாவரத் தொகுப்புகளும் பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய இன்றைய அறிவுக்கு அடித்தளமாக அமைந்தன. இந்த மலைகளின் செடிகொடிகளைப் பற்றி 1999இல் பெரிய நூலை வெளியிட்ட கே. எம். மேத்யூ அவர்களும் இயேசு சபைத் துறவியே. தாவரங்களுக்குப் பெயரிடுவதையும் அப்பெயர்களைச் சரிபார்ப்பதையும் வாழ்நாள் பணியாகக் கொண்டவர்கள் வாழ்ந்த ஊருக்குச் செண்பகம் என்ற பெயர் அமைந்தது மிகப் பொருத்தமானது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இந்திய மொழிகளில் இந்த அளவுக்குப் பல பூக்களின் மீது மாறி மாறி உட்கார்ந்த தாவரப் பெயர் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே.

இந்த மலையில் வசிப்பவர்களுக்குச் செண்பகம் என்றால் இரண்டு மரங்கள். ஒன்று, வீட்டுத் தோட்டங்களிலும் கோயில் வளாகங்களிலும் நடப்படும் பொன்மஞ்சள் பூவுடைய மரம். மற்றொன்று, உயர்மலைச் சோலைக்காடுகளில் தானாக வளரும், வெண்மையான பூவுடைய மரம். தடித்த இலைகளும், இளந்தளிரில் பட்டுப் போன்ற மெல்லிய மயிரும் கொண்ட இந்த இரண்டாம் மரத்தைக் காட்டுச்செண்பகம் என்பார்கள். எங்கள் தெருவில் விறகுக்கும் தேனுக்கும் காட்டுக்குள் போய்ப் பழகிய பெரியவர் ஒருவரிடம் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டபோது, "நாட்டுச் செண்பகம் மணந்து கூப்பிடும் தம்பி, காட்டுச் செண்பகம் நீங்க தேடிப் போனாத்தான் உண்டு" என்று சொன்னார். நிறம் வேறாக இருந்தும், வளரும் உயரம் வேறாக இருந்தும், இதழமைப்பையும் காயின் வடிவத்தையும் பார்த்து இரண்டையும் ஒரே பெயரின் கீழ் வைத்திருக்கிறார்கள் மலைமக்கள். தாவரவியலும் அதையே செய்கிறது: முதலாவது மேக்னோலியா சம்பகா, இரண்டாவது மேக்னோலியா நீலகிரிகா.

மலையடிவாரத்துக்கு இறங்கினால் நிலைமை மாறிவிடுகிறது. நிலக்கோட்டைப் பூச்சந்தையில் மல்லிகைக்கும் கனகாம்பரத்துக்கும் அடுத்து மூட்டை மூட்டையாக வந்து இறங்குவது சம்பங்கி. அது மரத்தில் பூப்பதன்று. கிழங்கிலிருந்து எழும் நீண்ட தண்டில் பூக்கும் வெள்ளைப் பூ. மாலை கட்டுவதற்கு அதை விட்டால் வேறு வழியில்லை என்ற அளவுக்குத் தமிழ்நாட்டில் பயன்படுகிறது. செண்பகம், சம்பங்கி ஆகிய இவ்விரு பெயர்களும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள். ஒரே மலையின் மேலும் கீழும் ஒரு சொல் இப்படி இரண்டாகப் பிரிந்து, ஒன்றோடொன்று எந்த உறவுமில்லாத இரண்டு தாவரங்களைக் குறித்து நிற்பது எப்படி நேர்ந்தது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

மூலச்சொல் சமஸ்கிருதத்தின் 'சம்பக'. பழைய சமஸ்கிருத அகராதியான அமரகோசம் தாவரங்களைப் பட்டியலிடும் பகுதியில் சம்பகத்துக்குச் சாம்பேயம், ஹேமபுஷ்பகம் என்ற மறுபெயர்களைத் தருகிறது. ஹேமபுஷ்பகம் என்றால் பொன்னிறப் பூவுடையது. ஆகவே அந்த மொழியில் சம்பகத்தின் முதல் அடையாளம் பொன்னிறம். பெண்ணின் மேனி நிறத்துக்கு அதை உவமையாக்குவதும் அதனால்தான். இரண்டாம் அடையாளம் மொட்டின் வடிவம். வீடுகளில் நாள்தோறும் ஓதப்படும் லலிதா சகஸ்ரநாமத்தில் அம்பிகையின் மூக்கு புதிதாய் மலரும் சம்பகத்தைப் போன்றது என்று வருகிறது. செண்பக மொட்டை ஒருமுறை கையில் வைத்துப் பார்த்தவர்களுக்கு இந்த உவமை எவ்வளவு துல்லியமானது என்பது விளங்கும். உறையை விட்டு வெளிவரும் அந்த மொட்டு நீண்டு, நேராக, நுனியில் கூர்ந்து இருக்கும். எந்தப் பூவைச் சம்பகம் என்றார்கள் என்ற வழக்கில் இந்த ஒரு நாமத்தை நான் முதன்மைச் சான்றாகக் கருதுகிறேன். முறுக்கிய மொட்டுடைய எந்தப் பூவுக்கும் இது பொருந்தாது.

ஆனால் அதே அமரகோசம் சாம்பேயம் என்ற பெயரை நாககேசரத்துக்கும் கொடுக்கிறது. நாககேசரம் என்பது நாம் நாங்கு என்று சொல்லும் மரம். நாட்டு மருந்துக் கடையில் சிறுநாகப்பூ என்று கேட்டால் தருவது அதன் மொட்டு. வெள்ளை இதழ்களுக்கு நடுவே பொன்னிற மகரந்தத்தாள்கள் அடர்ந்திருக்கும் அந்தப் பூவும் மணமுடையது. பொன், மணம் என்ற இரண்டு பண்புகள் இருந்தால் பெயர் அங்கேயும் சென்று அமரும் என்பதற்கு அகராதியே சாட்சி சொல்கிறது. ஆகவே பிற்கால மொழிகள் பெயரைக் குழப்பிவிட்டன என்று சொல்வது நியாயமில்லை. பண்பைப் பார்த்துப் பெயரை நீட்டும் வழக்கம் மூல மொழியிலேயே இருந்தது. கன்னடத்தில் நாகசம்பிகே என்பதும், மராத்தியில் நாகசாஃபா என்பதும் இன்றுவரை நாககேசர மரத்தையே குறிக்கின்றன.

சொல்லின் ஒலி மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வடக்கே அது சம்பா என்றும், வங்கத்தில் மூக்கொலியோடு சாம்பா என்றும், மராத்தியில் சாஃபா என்றும் ஆயிற்று. சிங்களத்தில் இடையிலிருந்த மெல்லெழுத்து மறைந்து சபு என்று நிற்கிறது. கன்னடத்தில் சம்பிகே, கனல் போன்ற நிறமுடையதைக் கெண்டசம்பிகே என்பார்கள். பெங்களூரு மல்லேசுவரத்தில் சம்பிகே சாலை இருக்கிறது. தெலுங்கில் சம்பெங்க, சம்பங்கி. மலையாளத்தில் செம்பகம். தமிழில் சண்பகம், சம்பகம், செண்பகம் ஆகிய மூன்றும் உண்டு. ஜயம் செயமாகவும் ஜபம் செபமாகவும் ஆனதைப் போலவே சண்பகமும் செண்பகமாயிற்று; சகரத்தை அடுத்த அகரம் எகரமாவது தமிழ் நாவுக்கு இயல்பு. ஈழத்தமிழில் செண்பகம் என்றால் நாம் செம்போத்து என்னும் பறவையையும் குறிக்கும் என்பதை, அந்த ஊர்க் கதைகளைப் படிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

தமிழில் இச்சொல்லின் வரவு மிகப் பழையது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் தொண்ணூற்றொன்பது பூக்களில் "பெருந்தண் சண்பகம்" ஒன்று. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தும்பொருட்டுப் பாடப்பட்டது என்று மரபு சொல்லும் அந்தப் பாட்டில், அவன் மொழியிலும் உள்ள ஒரு பூப்பெயர் தமிழ் உடுத்தி நிற்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி தருவது. தலைவியும் தோழியும் மலைச்சரிவில் பறித்துப் பாறையில் குவிக்கும் பூக்கள் அவை. பின்னாளில் ஊர்ப்பெயர்களிலும் இது ஏறியது. மன்னார்குடியைச் செண்பகாரண்யம் என்பார்கள். குற்றாலத்தில் செண்பகாதேவி அருவி இருக்கிறது. பீகாரில் 1917இல் காந்தியடிகள் அவுரி விவசாயிகளுக்காகச் சத்தியாகிரகம் நடத்திய சம்பாரண் என்ற பெயரையும் சம்பகாரண்யத்தின் திரிபாகவே விளக்குவார்கள்.

இதுவரை சொன்னவற்றில் பெரிய சிக்கல் எதுவுமில்லை. சிக்கல் கடல் கடந்து வந்தது.

அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளிலிருந்து இரண்டு பூக்கள், ஐரோப்பியர் கடல்வழி திறந்த பின்னர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தன. ஒன்று ப்ளூமேரியா. சார்ல்ஸ் ப்ளூமியே என்ற பிரெஞ்சுத் துறவியின் பெயரால் அழைக்கப்படும் இம்மரம் தடித்த கிளைகளும், ஒடித்தால் வழியும் வெண்பாலும், நடுவில் மஞ்சள் படர்ந்த வெள்ளைப் பூவும் கொண்டது. இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும்போதும் பூக்கும். மற்றொன்று மெக்சிகோவைச் சேர்ந்த, மேலே சொன்ன கிழங்குச் செடி. இரண்டுக்கும் இந்திய மொழிகளில் பெயரில்லை. வந்த பூவுக்குப் பெயர் வேண்டுமானால் ஏற்கெனவே உள்ள பெயரைத்தான் நீட்ட வேண்டும். அப்படி நீட்டும்போது ஒவ்வொரு மொழியும் எந்தப் பண்பைப் பிடித்துக்கொண்டது என்பதில்தான் இந்தப் பொருளின் முழுச் சுவையும் இருக்கிறது.

ப்ளூமேரியாவை எடுத்துக்கொள்வோம். இந்தி பேசுவோர் பெரும்பாலும் அதைச் சம்பா என்றே சொல்கிறார்கள். மராத்தியர்களுக்குச் சாஃபா என்றவுடன் கண்முன் வருவது அதுவே; குர்சாஃபா என்றும் அதற்குப் பெயருண்டு. பொன்மஞ்சள் செண்பகத்தைச் சொல்ல வேண்டுமானால் அவர்கள் 'சோன்' என்ற அடையைச் சேர்த்துச் சோன்சாஃபா என்கிறார்கள். பெயருக்கு உரிய மரம் அடைமொழி தாங்க வேண்டியிருக்கிறது. வந்த மரம் வெறும் பெயரோடு நிற்கிறது. மணத்தையும், பூவின் தடித்த இதழையும், நடுவில் உள்ள மஞ்சளையும் பார்த்த கண் இது.

தெற்கே வேறொரு கண் வேலை செய்தது. தமிழில் இம்மரம் ஈழத்தலரி. பெருங்கள்ளி என்றும் சொல்வதுண்டு. தெலுங்கில் தேவகன்னேரு. கன்னேரு என்றால் அரளி. கன்னடத்தில் தேவகணகிலே, கணகிலே என்றாலும் அரளிதான். சிங்களத்தில் அரலியா என்ற சொல்லே இம்மரத்தைக் குறிக்கிறது. கொழும்பில் பிரதமரின் இல்லத்தைத் தமிழில் அலரி மாளிகை என்பதும் இந்த மரத்தால்தான். இந்த மொழிகள் எல்லாம் பூவின் மணத்தை விட்டுவிட்டு, ஒடித்தால் வழியும் பாலையும் நீண்ட இலையையும் பார்த்து, இது அரளியின் சாதி என்று முடிவு செய்தன. தாவரவியலின்படி இந்த முடிவு சரியானது. ப்ளூமேரியாவும் அரளியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. செண்பகத்துக்கும் ப்ளூமேரியாவுக்கும் எந்த நெருக்கமும் இல்லை. நுண்ணோக்கியும் வகைப்பாட்டு நூலும் இல்லாமல், பூப்பறிக்கும் கைகளும் ஆடு மேய்க்கும் கண்களும் எட்டிய முடிவு இது என்பதை நான் மிகுந்த மதிப்போடு எண்ணிப் பார்க்கிறேன்.

மலையாளம் இந்த எல்லைக்கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அங்கே இம்மரத்துக்கு ஈழச்செம்பகம் என்று பெயர். தமிழும் மலையாளமும் மரம் இலங்கை வழியாக வந்தது என்று கருதி ஈழத்தை முன்னால் வைத்தன. ஆனால் பின்னால் வைத்த பெயரில் தமிழ் அரளியின் பக்கம் போக, மலையாளம் செண்பகத்தின் பக்கம் போயிற்று. வங்காளிகள் இந்த இரண்டையும் விட்டுவிட்டு, காட்கோலாப், அதாவது மரத்து ரோஜா என்று பெயரிட்டுக்கொண்டார்கள்.

பெயரில் அரளி இருப்பதால் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தமிழில் அரளி என்றால் செவ்வரளியும் வெள்ளரளியுமே. அச்செடியின் எல்லாப் பகுதியும் கொடிய நஞ்சு. கேரளத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியம் 2024ஆம் ஆண்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவைத் தவிர்க்க முடிவு செய்ததும் அதனால்தான். சிங்களத்திலிருந்து மொழிபெயர்ப்பவர் அரலியா என்பதை வெறும் அரளி என்று எழுதிவிட்டால், வாசகர் மனத்தில் நச்சுச்செடி முளைத்துவிடும். கதையின் பொருளே திரும்பிவிடக்கூடிய இடம் இது.

இனி இரண்டாம் பூ. இதன் வரலாறு முதலாவதற்கு நேர்மாறாகப் போகிறது. வடக்கே மக்கள் இதற்குச் சமஸ்கிருதத்திலிருந்து புதுப்பெயர் கோத்தார்கள். இந்தியிலும் வங்கத்திலும் ரஜனிகந்தா, மராத்தியில் நிசிகந்த. ரஜனி, நிசி இரண்டும் இரவு. இரவில் மணப்பது என்பது பொருள். பொழுது சாய்ந்த பின் இதன் மணம் ஓங்குவதை அறிந்தவர்கள் வைத்த பெயர். கன்னடத்தில் சுகந்தராஜ. தெலுங்கிலோ நேலசம்பங்கி என்றும் ஒரு பெயர் உண்டு. தரையில் பூக்கும் சம்பங்கி. மரத்தில் பூப்பது சம்பங்கி, அதே மணச்செழிப்போடு மண்ணிலிருந்து எழுவது நேலசம்பங்கி என்று அவர்கள் பிரித்துக்கொண்டார்கள். தமிழில் வழங்கும் நிலச்சம்பங்கி என்ற பெயர் இதற்கு நேர் இணையாக இருக்கிறது. பூ வணிகத்தில் நாள்தோறும் புழங்கும் பெயர் தேய்வது இயல்பு; 'நிலம்' உதிர்ந்து சம்பங்கி மட்டும் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. தெலுங்கில் உதிர முடியாது, ஏனென்றால் சம்பங்கி என்ற பெயரில் மரம் ஒன்று ஏற்கெனவே நிற்கிறது. தமிழில் மரத்துக்குச் செண்பகம் என்ற தனி வடிவம் இருந்ததால், சம்பங்கி என்ற வடிவம் வேலையில்லாமல் இருந்தது. புதுப்பூ அதை முழுவதுமாக எடுத்துக்கொண்டது.

இதில் தமிழுக்கு நேர்ந்த நன்மையைக் கவனிக்க வேண்டும். பழைய பூவுக்குப் பழைய வடிவமும், புதிய பூவுக்கு அண்டை மொழி வடிவமும் என்று பங்கிட்டுக்கொண்டதால், செண்பகம் என்று சங்கப் பாட்டில் வந்தாலும் நேற்று எழுதிய கதையில் வந்தாலும் தமிழ் வாசகர் ஒரே மரத்தைத்தான் காண்கிறார். இந்தி வாசகருக்கு அந்த வாய்ப்பு இல்லை. காளிதாசன் காலத்துச் சம்பகமும் இன்றைய முற்றத்துச் சம்பாவும் அவருக்கு ஒரே சொல்லின் கீழ் வருகின்றன. ஆனால் தமிழரும் தெலுங்கரும் சந்திக்கும் இடத்தில் நமக்கும் தடுமாற்றம் உண்டு. ஓசூரிலோ சித்தூரிலோ சம்பங்கி வேண்டும் என்று கேட்டால் எந்தப் பூ கைக்கு வரும் என்பது கடைக்காரரின் தாய்மொழியைப் பொறுத்தது.

சம்பங்கியின் உறவுமுறையும் சொல்லத்தக்கது. நீண்ட காலம் பாலியாந்தஸ் டியூபரோசா என்ற பெயரில் தனித்து வைக்கப்பட்டிருந்த இதை, மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு 2017இல் ஆனைக்கற்றாழையின் பேரினத்தில் சேர்த்து அகேவ் அமிகா என்று பெயர் மாற்றினார்கள். கொடைக்கானல் மலைச்சாலையின் அடிவாரத்தில் வேலியோரமாக நிற்கும் முள் நுனியுடைய கற்றாழைதான் மாலையில் மணக்கும் சம்பங்கியின் நெருங்கிய சொந்தம்.

வங்க மொழியும் மராத்தியும் இந்தச் சொல்லை மேலும் பரப்பின. தோலன்சாம்பா என்று வங்காளிகள் சொல்வது இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்த, வெண்ணிறப் பட்டாம்பூச்சி போன்ற பூவுடைய செடி. ஈரமான மலைத்தோட்டங்களில் அதை நாமும் வளர்க்கிறோம். பூயின்சாம்பா, நிலத்தை ஒட்டிப் பூக்கும் மற்றோர் இஞ்சி இனம்; கச்சோலத்துக்கு உறவு. காட்டாலிசாம்பா என்பது நம் மனோரஞ்சிதம். பழுத்த பலாவின் மணத்தை நினைவூட்டுவதால் பலாவைக் குறிக்கும் சொல்லைச் சேர்த்தார்கள். அதே மனோரஞ்சிதத்தை மராத்தியர்கள் அதன் பச்சை நிறத்தால் ஹிரவாசாஃபா என்கிறார்கள். இந்தப் பெயர்களில் 'சாம்பா' என்பதற்கு இன்ன மரம் என்ற பொருள் கரைந்து, 'தடித்த இதழும் ஆழ்ந்த மணமும் உடைய பூ' என்ற பொதுப்பொருள் மட்டும் எஞ்சுகிறது. நாம் மல்லிகை என்ற பெயரை அடைமொழிகளோடு பல பூக்களுக்கு நீட்டுவதும் இதே வழியில்தான்.

கடலுக்கு அப்பாலும் கதை தொடர்கிறது. தாய்லாந்தில் சம்பா என்றால் நம் பொன்மஞ்சள் செண்பகம். மேகாங் ஆற்றைத் தாண்டி லாவோஸுக்குள் நுழைந்தால் அந்நாட்டின் தேசிய மலரான சம்பா, ப்ளூமேரியா. இந்தோனேசியாவில் செம்பாகா என்றால் செண்பகமே. ப்ளூமேரியாவுக்கு அங்கே கம்போஜா என்று வேறு பெயர். இந்தியாவில் இந்திக்கும் தமிழுக்கும் இடையே நிகழ்ந்த பிரிவு அங்கே ஓர் ஆற்றின் இரு கரைகளில் நிகழ்ந்திருக்கிறது.

தாவரவியலாளர்கள் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்ட வழி கேரளத்தின் வழி. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீடு 1678இல் வெளியிடத் தொடங்கிய 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' நூலின் முதல் தொகுதியிலேயே மலையாளப் பெயரோடு செண்பகத்தின் படம் இருக்கிறது. 1753இல் லின்னேயஸ் இம்மரத்துக்கு மிக்கேலியா சம்பகா என்று பெயரிட்டார். முற்பாதி இத்தாலியத் தாவரவியலாளர் மிக்கேலியின் பெயர், பிற்பாதி நம் நாட்டுச் சொல். சோலைக்காட்டு மரத்தின் வரலாறு இன்னும் நெருக்கமானது. ஜெர்மானிய மத போதகர் பெர்னார்டு ஷ்மிட் நீலகிரியில் சேகரித்து அனுப்பிய செடிகளை ஆராய்ந்து, ஜெனா நகரத்துப் பேராசிரியர் ஸெங்கர் 1830களில் வெளியிட்ட நூலில் அதற்கு மிக்கேலியா நீலகிரிகா என்று பெயர் கொடுத்தார். பின்னர் மிக்கேலியா என்ற பேரினம் மேக்னோலியாவுக்குள் அடங்குவதே சரி என்ற முடிவு வந்தது. 2000ஆம் ஆண்டு முதல் அது மேக்னோலியா நீலகிரிகா. இத்தாலியரின் பெயர் போய்விட்டது; சம்பகமும் நீலகிரியும் நிலைத்துவிட்டன. குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்குப் போகிறவர்கள், அங்கே காட்டப்படும் மேக்னோலியா மரத்தை வெளிநாட்டு அதிசயமாக மட்டும் பார்க்காமல், பக்கத்துச் சோலையில் அதன் உறவு மரம் நிற்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

பெயர்களில் ஒன்றை மட்டும் தனியே எடுத்துச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தமிழில் செண்பகத்துக்கு வண்டுணா மலர் என்றும் ஒரு பெயருண்டு. வண்டு வந்து உண்ணாத பூ. வடக்கிலும் இதே நம்பிக்கை. சம்பாவுக்கு உருவமும் நிறமும் மணமும் இருந்தும் வண்டு நெருங்காதது குறை என்று பொருள்படும் ஈரடி ஒன்று இந்தி பேசும் பகுதிகளில் வழங்குகிறது. செண்பகத்தின் குடும்பத்துப் பூக்களில் பெரும்பாலும் தேன் சுரப்பதில்லை. மகரந்தத்தைத் தின்ன வரும் சிறு ஓட்டுடல் பூச்சிகளே அங்கே முக்கிய விருந்தினர். இலக்கியத்தில் வண்டு என்பது தேன் தேடும் தேனீ இனத்தைக் குறித்தது. இன்றைய தமிழில் அதே சொல் ஓட்டுடல் பூச்சியைக் குறிக்கிறது. ஆகவே பழைய பொருளில் 'வண்டு உண்ணா மலர்' என்பது நல்ல அவதானிப்பு. இன்றைய பொருளில் வாசித்தால் நேர் எதிராக, வண்டுகளே நாடி வரும் பூ அது. தாவரத்தின் பெயரைச் சரியாக அறிந்தும், பூச்சியின் பெயர் நகர்ந்துவிட்டதைக் கவனிக்காவிட்டால், பாட்டு பொய் சொல்வதாகத் தோன்றும்.

நான் மராத்தியிலிருந்தும் இந்தியிலிருந்தும் சிறுகதைகளைத் தமிழாக்கம் செய்து வருவதால் இவையெல்லாம் எனக்கு நாள்தோறும் எதிர்ப்படும் கேள்விகள். நான் கடைப்பிடிக்கும் முறை எளியது: சொல்லை விட்டுவிட்டு மரத்தைத் தேடுவேன். கிளை மொட்டையாக நின்று பூக்கிறதா, ஒடித்த இடத்தில் பால் வழிகிறதா, கோயில் முற்றத்திலோ கல்லறையின் மேலோ பூ முழுதாக உதிர்ந்து கிடக்கிறதா? அப்படியானால் மூலத்தில் சாஃபா என்றிருந்தாலும் நான் ஈழத்தலரி என்றே எழுதுகிறேன். பெண்ணின் பின்னலில் ஒற்றைப் பூ மஞ்சளாகச் செருகப்பட்டிருந்தால், பூவின் மணம் வீட்டுக்கு வெளியே வரை எட்டினால், அது செண்பகம். கதை நிகழும் காலமும் உதவும். ப்ளூமேரியா வந்து சேர்வதற்கு முன் எழுந்த எந்த நூலிலும் சம்பகம் என்றால் செண்பகத்தையோ, அமரகோசம் சொல்வதுபோல் அருகி நாககேசரத்தையோதான் கொள்ள வேண்டும். ஈழத்தலரி என்ற பெயர் தமிழ் வாசகருக்கு அந்நியமாக இருக்கிறது, செண்பகம் என்றே போட்டுவிடலாமே என்று பதிப்பாளர் ஒருவர் சொன்னபோது நான் உடன்படவில்லை. தெருவோரம் தினமும் பார்க்கும் மரத்தின் பெயர் நமக்கு அந்நியமாகிவிட்டது என்றால், அதை எழுதிப் பழக்கப்படுத்துவதே எழுதுகிறவரின் வேலை.

எதிர்த்திசைப் பயணம் இன்னும் கடினம். குறிஞ்சிப்பாட்டை இந்தியில் பெயர்ப்பவர் "பெருந்தண் சண்பகம்" என்ற இடத்தில் சம்பா என்று மட்டும் எழுதினால், படிப்பவர் மனத்தில் கபிலரின் பாறைமேல் அமெரிக்க மரத்தின் பூ வந்து கிடக்கும். ஸ்வர்ணசம்பா என்று எழுதினால் அந்தத் தவறு நீங்கும். ஆனால் கபிலர் காட்டுவது மலைச்சரிவு. அங்கே தாழ்வான பகுதியில் பொன்மஞ்சள் செண்பகமும், உயரத்தில் வெண்செண்பகமும் பூக்கின்றன. ஸ்வர்ணம் என்ற அடை இரண்டாவதற்குக் கதவைச் சாத்திவிடுகிறது. கபிலர் நிறம் சொல்லவில்லை; பெரியது, தண்ணென்றது என்று மட்டும் சொன்னார். அந்த இடத்தில் சம்பக என்ற பழைய சமஸ்கிருத வடிவத்தையே இந்தியிலும் வைத்து, தென்மலைகளில் இதற்கு மஞ்சளும் வெள்ளையுமாக இரண்டு மரங்கள் உண்டு என்று பக்கத்தின் அடியில் ஒரு வரி எழுதுவதே சரி என்று நினைக்கிறேன்.